வெயிலுக்கு விலை இல்லை, தண்ணீருக்கு?

மதியம் பன்னிரண்டு மணி. கடலைக் கொல்லையில் பாத்திகள் நிறைந்து, வாய்க்கால் வழிந்து, வரப்புக்கு அப்பால் தரிசில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. கிணற்றடியில் ஆள் இல்லை. சூரியத் தகடுகள் உச்சி வெயிலை வாங்கிக்கொண்டிருக்கின்றன. பூமிக்குள் நீர்மூழ்கி மோட்டார் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. நிறுத்த வேண்டிய அவசரம் யாருக்கும் இல்லை. ஓடினால் கைக்காசா போகிறது?

அதே கிணற்றில் ஆயில் இன்ஜின் ஓடிய காலத்தில் இந்தக் காட்சியைப் பார்த்திருக்க முடியாது. ஐந்து எச்.பி. இன்ஜின் மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் டீசல் குடிக்கும். லிட்டர் தொண்ணூறு ரூபாய்க்கு மேல். சைக்கிள் கேரியரில் கேனைக் கட்டிக்கொண்டு போய் வாங்கிவந்த டீசல் அது. மடை மாற்றுகிறவரின் காது எப்போதும் இன்ஜின் பக்கமே இருக்கும். கடைசிப் பாத்தி முக்கால் நிறையும்போதே ஓடிப்போய் நிறுத்திவிடுவார். வாய்க்காலில் நிற்கும் தண்ணீரே மீதிக் கால் பங்கையும் நிரப்பிவிடும் என்று அவருக்குத் தெரியும். அந்தக் கால் பாத்தித் தண்ணீரைப் பூமிக்குள் பத்திரமாக வைத்திருந்தது டீசல் விலை. வேறு எந்தச் சட்டமும் இல்லை, எந்த அதிகாரியும் இல்லை.

அந்தக் காவல் இப்போது விலகுகிறது. மின்கம்பி எட்டாத நிலங்களுக்குச் சூரிய ஆற்றல் பம்புசெட்டுகள் லட்சக்கணக்கில் போய்ச் சேருகின்றன. போகத்தான் வேண்டும், அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எந்த நிலத்துக்கு, யார் கைக்கு, என்ன நிபந்தனையோடு போகின்றன என்பதை இன்னும் இரண்டொரு ஆண்டுகளுக்குள் சரிசெய்யாவிட்டால், பிறகு சரிசெய்யும் அதிகாரமே அரசிடம் இருக்காது. அபாயச் சங்கை இப்போதே ஊதியாக வேண்டும்.

இந்தப் பம்பின் அருமையை டீசலில் வெந்தவர்களிடம் கேட்க வேண்டும். புகை, எண்ணெய் நாற்றம், கயிற்றைச் சுண்டிச் சுண்டித் தோள்பட்டை இறங்கிப்போவது, பயிர் வாடும் வாரத்தில் பார்த்து இன்ஜின் மக்கர் செய்வது. மின் இணைப்பு உள்ளவர்களுக்கும் நிம்மதி கிடையாது. நடுராத்திரியில் மும்முனை மின்சாரம் வரும். டார்ச் லைட்டோடு பாம்புக்குப் பயந்துகொண்டே தோட்டத்துக்கு ஓட வேண்டும். தமிழ்நாட்டில் இலவச இணைப்புக்குப் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் ஏராளம். பொறுக்க முடியாதவர்கள் தட்கல் திட்டத்தில் ஐந்து எச்.பி.க்கு இரண்டரை லட்சம் ரூபாய் கட்டினார்கள். இவர்களுக்கெல்லாம் பகலில், செலவில்லாமல், யாரையும் கெஞ்சாமல் தண்ணீர் வருகிறது என்றால் அது சின்ன விஷயமா? இந்தப் பம்பை எதிர்க்கிறவர்கள் உழவரின் பகல் இரவு தெரியாதவர்கள்.

அபாயம் பம்பில் இல்லை, கணக்கில் இருக்கிறது. ஐந்து எச்.பி. பம்புக்குப் பொருத்தும் தகடுகளின் திறன் 4.8 கிலோவாட். தண்ணீர் 50 மீட்டர் ஆழத்தில் இருந்தால், நல்ல வெயில் நாளில் அது ஏறக்குறைய 90 ஆயிரம் லிட்டர் இறைக்கும். ஒரு ஏக்கரில் ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்த ஒரு லட்சம் லிட்டர் வேண்டும்; கிட்டத்தட்ட அந்த அளவு, தினமும். இதே பம்பு, இதே தகடு, இதே வெயில். நீர்மட்டம் 100 மீட்டருக்கு இறங்கிவிட்டால் கிடைப்பது பாதிதான். சூரியன் கூடுதலாக அடிக்கப்போவதில்லை. அப்போது விவசாயி என்ன செய்வார்? கடன் வாங்கி இன்னும் நாலு தகடு போடுவார். இன்னும் ஆழமாகப் போர் போடுவார். திருச்செங்கோட்டிலிருந்து ரிக் வண்டி வரும். ஆயிரம் அடி தாண்டியும் புழுதி பறக்கிற ஊர்கள் கொங்கு மண்ணில் எத்தனை என்பதை அந்த வண்டிக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். தகடு வாங்க முடிந்தவர் பிழைப்பார். பக்கத்துத் தோட்டத்தில் திறந்தவெளிக் கிணற்றை நம்பியிருக்கும் அரை ஏக்கர்க்காரர் முதலில் காய்வார். தமிழ்நாட்டில் சராசரி நிலவுடைமையே முக்கால் ஹெக்டேர்தான் என்பதை நினைவில் வைத்து இதைப் படிக்க வேண்டும்.

உலகத்திலேயே அதிகமாக நிலத்தடி நீரை உறிஞ்சும் நாடு இந்தியா. உறிஞ்சுவதில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் பாசனத்துக்கே போகிறது. பஞ்சாபில் ஆண்டுக்கு ஊறுவதைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல் எடுக்கிறார்கள். ராஜஸ்தானில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஹரியானாவில் நூறு லிட்டர் ஊறினால் நூற்று முப்பதுக்கு மேல் வெளியே வருகிறது. நம் வீட்டுக் கதை என்ன? 2017-ம் ஆண்டு மதிப்பீட்டில் தமிழ்நாட்டின் 1,166 குறுவட்டங்களில் 462 குறுவட்டங்கள் அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்டவை என்று பதிவாயின. பாதுகாப்பானவை 427 மட்டும். மழை கைகொடுத்த ஆண்டுகளில் இந்த எண் கொஞ்சம் இறங்கும், பொய்த்த ஆண்டுகளில் ஏறும். இறைக்கும் பழக்கம் மட்டும் இறங்குவதில்லை.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஏமனைப் பார்க்கலாம். பரம ஏழை நாடு, வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. 2015-ல் போர் மூண்டபோது டீசல் கிடைக்காமல் போனது. கிடைத்தாலும் விலை கட்டுப்படியாகவில்லை. உழவர்கள் நகையை விற்றும் கடன் பட்டும் சூரியத் தகடுகள் வாங்கினார்கள். குண்டு விழும் காலத்திலும் வயல் பச்சையாக இருந்தது. அந்தப் பம்புகள் பல குடும்பங்களைப் பசியிலிருந்து காப்பாற்றின. அதை மறுக்க முடியாது. ஆனால் டீசல் தட்டுப்பாடு நாளுக்குச் சில மணி நேரமாகக் குறைத்து வைத்திருந்த இறைப்பு, இப்போது விடிந்ததிலிருந்து அடையும் வரை நடக்கிறது. இறைத்த தண்ணீரில் கணிசமான பங்கு காட் என்னும் போதை இலைப் பயிருக்குப் போகிறது. மேற்கு ஏமனின் நிலத்தடி நீர், செயற்கைக்கோள் அளவீடு தொடங்கிய 2002-லிருந்து காணாத அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டது என்று 2021-ல் பிரிட்டனின் மோதல் மற்றும் சுற்றுச்சூழல் கண்காணிப்பகம் எச்சரித்தது. அங்கே தடுக்க அரசு இல்லை. இங்கே இருக்கிறது.

இலவச மின்சாரத்திலும் இதே கதைதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தமிழ்நாட்டில் 1990 முதல் எல்லா விவசாயிகளுக்கும் கட்டணமில்லா மின்சாரம் உண்டு. அதன் விலையையும் நம் கிணறுகள்தான் கொடுத்தன. ஆனால் மின்சாரம் என்றால் கம்பி என்ற ஒன்று இருக்கிறது. மணிநேரம் குறிக்கலாம், ஃபீடரைப் பிரிக்கலாம், புதிய இணைப்பைத் தள்ளிப்போடலாம். கூரைமேல் நிற்கும் சூரியனுக்கு ஃபீடர் கிடையாது. இன்னொன்றும் உண்டு. கம்பி போகாததாலேயே பல இடங்களில் ஊற்று பிழைத்துக் கிடந்தது. கடைசியாக மிச்சமிருக்கும் அந்த நீரைத் தேடித்தான் இப்போது பம்பு போகிறது. போகும்போது ஒரு கணக்கு நோட்டும் கூடவே போக வேண்டாமா?

ஒன்றிய அரசின் பிரதம மந்திரி குசும் திட்டம் 2019-ல் தொடங்கியது. மின்கட்டமைப்பில் சேராமல் தனித்து நிற்கும் பம்புகளுக்கு ஒன்றிய அரசு 30 சதவீதம், மாநில அரசு குறைந்தது 30 சதவீதம் தரும்; மீதி 40 சதவீதம் விவசாயியின் பங்கு. 2022-ல் முடிந்திருக்க வேண்டிய திட்டத்துக்கு 2026 மார்ச் வரை கெடு நீட்டப்பட்டது. அதன் விதிமுறையில் நல்ல வாசகம் ஒன்று உண்டு: நீர் மிகவும் வற்றிய வட்டாரங்களில் புதிய பம்பு கூடாது, ஏற்கெனவே ஓடும் டீசல் பம்பை மட்டும் மாற்றலாம், அதுவும் சொட்டுநீர் போன்ற நுண்பாசனத்தோடு. எழுதியவரைப் பாராட்ட வேண்டும். ஆனால் பம்பு நட்ட மறுவருடம், சொட்டுநீர்க் குழாய் வயலில் கிடக்கிறதா, கொட்டகையில் சுருட்டிக் கிடக்கிறதா என்று யார் போய்ப் பார்க்கிறார்கள்? சொட்டுநீரில் மிச்சப்பட்ட தண்ணீர் பூமியில் மிச்சப்பட்டதா, இல்லை, பக்கத்துத் தரிசையும் உழுது வாழை வைக்கப்பட்டதா? இறைக்கும் அளவுக்கு வரம்பு இல்லாத இடத்தில் நுண்பாசனம் சாகுபடிப் பரப்பைத்தான் கூட்டும். விவசாயியாக யோசித்தால் நாமும் அதைத்தான் செய்வோம்.

இதைவிட வேதனையானது, பம்பு போன திசை. ஹரியானா, ராஜஸ்தான், மகாராஷ்டிரம் என்று தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும் மாநிலங்களில்தான் மானியப் பம்புகள் குவிந்தன. மேற்கு வங்கம், அசாம் பக்கம் வந்தால் எண்ணிக்கை சொல்லும்படி இல்லை. அந்தப் பக்கத்தில்தான் இருபது முப்பது அடியில் தண்ணீர் நிற்கிறது. வெள்ளம் ஆண்டுதோறும் வந்து நிரப்பிவிட்டுப் போகிறது. அதை இறைக்கக் காசில்லாமல் கோடையில் நிலம் தரிசாகக் கிடக்கிறது. டீசல் இன்ஜின்காரரிடம் மணிக்கணக்கில் தண்ணீர் வாங்கிப் பயிர்செய்யும் குத்தகைக்காரர்கள் அங்கே நிறைய. நாட்டில் இன்னும் 80 லட்சத்துக்கு மேல் டீசல் பம்புகள் ஓடுவதாகச் சொல்லப்படுகிறது. தண்ணீர் இருந்தும் டீசலால் முடங்கிய வயலுக்கு ஒரு தகடு போய்ச் சேருவது புண்ணியம். வற்றிய கிணற்றுக்கு மேல் நடும் தகடு, அதே பணத்தில் செய்யும் பாவம்.

நாற்பது சதவீதம் என்பதும் சின்னத் தொகை இல்லை. ஐந்து எச்.பி. பம்பின் விலை மூன்று லட்சத்துக்கு மேல் என்றால், விவசாயி கையிலிருந்து ஒரு லட்சத்துக்கு மேல் எடுத்து வைக்க வேண்டும். யாரிடம் இருக்கும் அந்தப் பணம்? ஏற்கெனவே போர் இருப்பவர், பட்டா பெயரில் இருப்பவர், வங்கியில் முகம் தெரிந்தவர். மலை ஊரில் நீரூற்றை நம்பி ராகி போடுகிறவருக்கு ஒரு எச்.பி., இரண்டு எச்.பி. போதும். அந்தச் சின்னப் பம்பை அவர் கைக்குக் கொண்டுசேர்ப்பதில் யாருக்கும் அவசரம் இல்லை. பீகாரின் சமஸ்திபூர் மாவட்டத்தில் சக்காஜி என்ற ஊரில் வேறு வழி பார்த்தார்கள். சிலரிடம் சூரியப் பம்பைக் கொடுத்து, பூமிக்கடியில் குழாய் பதித்து, சுற்றியுள்ள சிறு விவசாயிகளுக்குத் தண்ணீர் விற்கச் செய்தார்கள். விற்பவர்களுக்குள் போட்டி வந்தது. டீசல் தண்ணீரைவிடக் குறைந்த விலைக்குக் கிடைத்தது. நீர் ததும்பும் பூமியில் இது சரியான வைத்தியம். சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இதே வைத்தியத்தைப் பார்த்தால் நோயாளி பிழைக்க மாட்டார்.

வற்றும் பூமிக்கு வேறு மருந்து உண்டு. குஜராத்தின் கேடா மாவட்டத்தில் துண்டி என்ற கிராமத்தில் 2016-ல் ஆறு விவசாயிகள் சேர்ந்து சூரியப் பாசனக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். சர்வதேச நீர் மேலாண்மை நிறுவனமும் டாடா அறக்கட்டளையும் சேர்ந்து நடத்தும் ஆய்வுத் திட்டம் அவர்களுக்குத் துணைநின்றது. உலகத்திலேயே இப்படிப்பட்ட முதல் சங்கம் அது என்று சொல்வார்கள். பம்புகளை ஒரே மின்தடத்தில் இணைத்து, மிஞ்சும் மின்சாரத்தை மின் விநியோக நிறுவனத்துக்கு யூனிட் 4 ரூபாய் 63 காசுக்கு விற்க 25 ஆண்டு ஒப்பந்தம் போட்டார்கள். தண்ணீரைச் சேமிப்பதற்கென்று ஆய்வுத் திட்டம் தன் பங்குக்கு ஊக்கத்தொகையும் கொடுத்தது. அதன் பிறகு, தேவைக்கு மேல் ஒரு மணி நேரம் பம்பை ஓடவிட்டால் கையிலிருந்து காசு போவதாக ஆனது. ஆயில் இன்ஜின் காலத்தில் இருந்த அந்தக் காது திரும்பி வந்தது. யாரும் தடை போடவில்லை, அபராதம் போடவில்லை. வெயிலுக்கு ஒரு விலை வைத்தார்கள், அவ்வளவுதான். ஆறு பேர் கொண்ட ஒரு சங்கத்தை வைத்து நாட்டுக்கே தீர்ப்பு எழுத முடியாது என்பது உண்மை. ஆனால் சரியான பக்கம் கை காட்டியது அந்தக் கிராமம்.

கம்பி இருக்கும் ஊருக்கு இது பொருந்தும். கம்பியே இல்லாத ஊரில் மின்சாரத்தை யாரிடம் விற்பது? அங்கே மின்சாரத்துக்கு வேறு வேலை கொடுக்க வேண்டும். பாசனப் பம்பு ஆண்டில் 150 நாள் ஓடினாலே அதிகம் என்கிறது அரசின் கணக்கு. மீதி இருநூறு நாளும் தகடுகள் வெயிலில் சும்மா நிற்கின்றன. அதே தகட்டில் மாவு மில் ஓடலாம், தீவனம் நறுக்கலாம், மிளகாய் உலர்த்தலாம், தக்காளிக்கு ஒரு குளிர் அறை ஓட்டலாம். இதற்கான கட்டுப்பாட்டுக் கருவிக்குத் திட்டத்திலேயே இடம் இருக்கிறது. கொல்லையில் சும்மா வழியும் தண்ணீரைவிட மில்லில் அரைபடும் ராகிக்கு வருமானம் அதிகம் என்று தெரிந்துவிட்டால், பம்பை நிறுத்தச் சொல்லி யாரும் பாடம் நடத்த வேண்டியிருக்காது.

குசும் பம்பு ஒவ்வொன்றிலும் தொலைக்கண்காணிப்புக் கருவி பொருத்த வேண்டும் என்பது விதி. எந்தப் பம்பு எத்தனை மணி நேரம் ஓடியது, எவ்வளவு மின்சாரம் உற்பத்தியானது என்பது எங்கோ ஒரு கணினியில் பதிவாகிறது. நம் நாட்டு நீர்ப்பாசன வரலாற்றில் இதற்கு முன் இப்படி ஒரு வசதி கிடைத்ததில்லை. கோடிக்கணக்கான கிணறுகள், பெரும்பாலானவற்றில் மீட்டர் இல்லை என்றிருந்த நாட்டில், இதோ மீட்டரோடு வரும் பம்புகள்! ஆனால் அந்தக் கணக்கு ஊருக்குத் தெரிவதில்லை. கிராமசபையில் படிப்பதில்லை. பழுது பார்க்கும் நிறுவனத்துக்கும் துறைக்கும் மட்டும் அது சொத்து. இதை மாற்றப் புதிய சட்டம் தேவையில்லை. பைசா செலவும் இல்லை. மாதம் ஒருமுறை பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் எழுதிப் போட்டால் போதும்.

ஊரே உட்கார்ந்து கணக்குப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு மகாராஷ்டிரத்தின் ஹிவரே பஜார் இருக்கிறது. வறட்சியில் ஊரைவிட்டு ஓடியவர்கள் திரும்பி வந்த கிராமம். பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு போடக்கூடாது, கரும்பும் வாழையும் வேண்டாம் என்று ஊரே முடிவெடுத்தது. ஒவ்வோர் ஆண்டும் பெய்த மழையை அளந்து, அதற்கேற்ப என்ன பயிர் என்று கிராமசபையில் பேசித் தீர்க்கிறார்கள். அதை நடத்திக் காட்டிய போபட்ராவ் பவார் அந்த ஊரின் சர்பஞ்சாக, அதாவது ஊராட்சித் தலைவராக, இருந்தவர்.

தமிழ்நாடு இதில் எங்கே நிற்கிறது? நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்த 2003-ல் ஒரு சட்டம் இயற்றினோம். அது நடைமுறைக்கு வராமலேயே 2013-ல் ரத்தானது. அதன் பிறகு, தன் நிலத்துக்கடியில் உள்ள நீர் தனக்கே என்ற 1882-ம் ஆண்டுச் சட்டத்தின் நிழலில்தான் நாம் வாழ்கிறோம். கிணறு தனித்தனி, ஊற்று ஒன்றே என்பது கிணறு வெட்டிய ஒவ்வொருவருக்கும் தெரியும். சட்டத்துக்கு மட்டும் இன்னும் தெரியவில்லை.

அவசரம் ஏன் என்றால், தகட்டின் விலை. 2010-க்கும் 2020-க்கும் இடையில் சூரியத் தகடுகளின் விலை ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு சரிந்தது. அதற்குப் பிறகும் விலை இறங்கியது. பாகிஸ்தானில் 2024-ம் ஆண்டில் மட்டும் சுமார் 17 ஜிகாவாட் தகடுகள் இறக்குமதியாயின. அங்கே பஞ்சாப் விவசாயிகள் மானியத்துக்காகக் காத்திருக்கவில்லை. சொந்தக் காசில் வாங்கி ஆழ்துளைக் கிணற்றில் மாட்டிக்கொண்டார்கள். அந்த நாள் இங்கேயும் வரும். சூரிய வெளிச்சத்துக்கும் பூமிக்கடி நீருக்கும் நடுவில் அரசு நின்று "இந்த நிபந்தனையை ஏற்றுக்கொள்" என்று சொல்லக்கூடிய ஒரே இடம் மானியக் காசோலைதான். மானியமே வேண்டாம் என்று விவசாயி சொல்லும் காலம் வந்துவிட்டால் அந்த இடமும் போய்விடும்.

ஆகவே அடுத்த கட்டத் திட்டத்தின் விதிகளை எழுதும் ஒன்றிய அரசுக்கும், அதைச் செயல்படுத்தும் வேளாண் பொறியியல் துறைக்கும் நாம் சொல்வது இது. அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்ட குறுவட்டங்களில் தனித்து நிற்கும் பம்புக்கு மானியம் தருவதை நிறுத்துங்கள். அங்கே மின்தடத்தில் இணைத்து, விவசாயி விற்கும் மின்சாரத்துக்குக் கட்டுப்படியாகும் விலையும் காலம் தவறாத பணமும் கொடுங்கள். பணம் ஆறு மாதம் தள்ளிப்போனால் அவர் மறுபடி தண்ணீரையே இறைப்பார். அங்கே மிச்சமாகும் மானியத்தை, நீர் மேலே நிற்கும், கம்பி போகாத ஊர்களின் சிறு விவசாயிகளுக்குத் திருப்புங்கள். அவர்களுக்கு விவசாயி பங்கு பத்து சதவீதமாக இருக்கட்டும். சின்னப் பம்பாக இருக்கட்டும். பெண்கள் குழுவுக்கும் குத்தகைதாரருக்கும் பட்டா கேட்காமல் கிடைக்கட்டும்.

உழவர் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. யூனிட்டுக்கு ஒரு பைசா உயர்த்தியதை எதிர்த்து 1970-ல் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டுக்கு உயிர் கொடுத்த மரபு உங்களுடையது. அன்று கேட்டது மின்சாரம். இன்று மின்சாரம் வானத்திலிருந்து வருகிறது. கேட்க வேண்டியது தண்ணீரை. அடுத்த கிராமசபைக்கு முன்பு உங்கள் ஊரில் பத்துக் கிணறுகளில் கயிறு விட்டு நீர்மட்டத்தை அளந்து பஞ்சாயத்துச் சுவரில் எழுதுங்கள். பம்புக்கு விண்ணப்பம் போடும் ஒவ்வொருவரும் கையெழுத்திடும் முன் அந்தச் சுவரைப் பார்த்துவிட்டுப் போகட்டும்.